மூன்றாவது வரியில் வந்த பதில்

காலை மணி பத்து நாற்பத்தொன்று. முதலில் கண்ணில் பட்டது திரையின் நடுவே சுற்றிக்கொண்டிருந்த ஒரு சாம்பல் நிற வட்டம். சுற்றியதே தவிர எதுவும் திறக்கவில்லை. அது ஒரு புதன்கிழமை. பதினொரு மணிக்கு அந்தத் திரையில் அப்பாவின் பேச்சுப் பயிற்சியாளர் சிதம்பரத்திலிருந்து வரவேண்டும்.

அப்பா கட்டிலில் தயாராக உட்கார்ந்திருந்தார். சவரம் செய்துகொண்டு, வெள்ளைச் சட்டை போட்டு, கழுத்துப் பொத்தான் வரை மாட்டியிருந்தார். வலது கை மடியில் கிடந்தது. இடது கையால் தலை வாரியதில் வகிடு கொஞ்சம் கோணலாக விழுந்திருந்தது. அதை நான் சரிசெய்யவில்லை. ஜன்னல் வெளிச்சம் முகத்தில் நேராக விழுந்தது.

அவர் கடலூர் – சிதம்பரம் தடத்தில் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். எட்டு மாதத்துக்கு முன் பக்கவாதம் வந்தது. வலது காலும் கையும் ஓரளவு திரும்பின. பேச்சு திரும்பவில்லை. இருந்த சொற்களில் ஒன்றே ஒன்று மிஞ்சியது: "இல்ல." காபி வேணுமாப்பா என்றால் "இல்ல" என்பார், கை டம்ளருக்கு நீளும். ஃபேனை நிறுத்தட்டுமா என்றால் "இல்ல", ஆனால் போர்வையை இழுத்துக்கொள்வார். கேட்பதெல்லாம் அவருக்குப் புரியும். சொல்ல எடுக்கும்போது எல்லாச் சொல்லும் அந்த ஒரு சொல்லாக மாறி வெளியே வரும். எந்த இல்ல ஆமாம், எந்த இல்ல கேள்வி, எந்த இல்ல கோபம் என்று கடலூர் செம்மண்டலத்தில் எங்கள் வீட்டில் எல்லோரும் பிரித்துப் பார்க்கப் பழகியிருந்தோம். எல்லோரும் என்றால் நானும் மனைவியும்.

பயிற்சியாளருக்கு அது ஒன்பதாம் மாதம். மறுநாளிலிருந்து பேறுகால விடுப்பு. முந்தின வாரம் பயிற்சி முடிந்ததும் என்னிடம் சொன்னார்: "அடுத்த புதன் பாத்துட்டு, எனக்கப்புறம் வர்றவங்களுக்கு ஒரு குறிப்பு எழுதி வெக்கணும் சார். பேச்சுப் பயிற்சியே போவட்டுமா, இல்ல பட அட்டைக்கு மாத்திடலாமான்னு. என் எதிர்ல அந்த ஒரு வார்த்தைய தவிர வேற ஏதாவது ஒண்ணு சொல்லிட்டார்னா போதும்."

பட அட்டை என்பது சோறு, தண்ணீர், கழிப்பறை, வலி என்று படம் போட்ட ஒரு தட்டி. வேண்டியதை விரலால் தொட்டுக் காட்டவேண்டும். இதை அவர் சொன்னபோது அப்பா பக்கத்தில்தான் இருந்தார். அன்று மதியம் அப்பா சாப்பிடவில்லை.

வரிசையாக மனப்பாடமாகிப்போன சொற்கள் முதலில் திரும்பக்கூடும் என்று பயிற்சியாளர் சொல்லியிருந்தார். ஒன்று, இரண்டு, மூன்று போல. அப்பாவுக்கு அப்படி இருந்தவை பஸ் நிறுத்தங்கள். அந்த வாரம் முழுக்க ஒத்திகை பார்த்தோம். நான் "கடலூர், முதுநகர், காரைக்காடு" என்று சொல்லி நிறுத்துவேன். அடுத்ததை அவர் சொல்லவேண்டும். ஞாயிற்றுக்கிழமை காலை "ஆல" என்றார். ஆலப்பாக்கத்தில் பாதி. அதற்குப் பிறகு அதுவும் வரவில்லை. ஆனால் அந்தப் பாதியை நானும் கேட்டேன், மனைவியும் கேட்டாள். இரண்டு பேர் கேட்டதை நடந்ததாக எழுதலாம்.

அப்படித்தான் எனக்குச் சொல்லிக்கொடுத்திருந்தார்கள். நான் ஒரு நாளிதழின் மாவட்டப் பதிப்பில் துணையாசிரியராக இருந்தவன். பதிப்பை மூடிய பிறகு வீட்டிலிருந்து புத்தகங்களுக்குப் பிழை திருத்துகிறேன். அப்பாவின் அறையில் இருந்த மேசைக்கணினி அந்த அலுவலகத்திலிருந்து வந்தது. அதில் வைஃபை கிடையாது. கூடத்தில் டிவிக்கு மேலே இருக்கும் ரவுட்டரிலிருந்து தரையோரமாக ஒரு கேபிள் அறைக்கு வரும். ஃபோனில் பேசலாமே என்று இரண்டாவது வாரமே முயன்று பார்த்தோம். அந்த அறையில் சிக்னல் ஒரு கோடுதான். பயிற்சியாளரின் உதடு முன்னால் போனது, குரல் பின்னால் வந்தது. உதடும் குரலும் சேர்ந்து வராவிட்டால் பயிற்சியே வேண்டாம் என்று அவர் சொல்லிவிட்டார்.

என் மனைவி சிதம்பரத்தில் ஒரு கல்லூரியின் கணினி மையத்தில் இருக்கிறாள். நெட்வொர்க் அவள் பொறுப்பு. காலை ஏழு மணி பஸ்ஸில் போனால் மாலை ஏழுக்குத் திரும்புவாள். கல்யாணமான புதிதில், மற்றவர்கள் ஆல்பம் காட்டுவதுபோல, அவள் எனக்குக் கணினியின் கறுப்புத் திரையைத் திறந்து காட்டினாள். கட்டளையை எழுத்தால் அடித்தால் எழுத்தாலேயே பதில் சொல்லும் திரை. "அது என்ன கோளாறுன்னு அழகா சொல்லுதுங்க. நாமதான் படிக்காம நெட் இல்ல, நெட் இல்லன்னு மூடிடறோம்," என்பாள்.

எனக்கு அந்தச் செய்திகள் பிடித்துப்போயின. ஹோஸ்டைக் கண்டுபிடிக்க முடியவில்லை என்றால் பெயர் தெரிகிறது, முகவரி தெரியவில்லை என்று பொருள். இணைப்பு மறுக்கப்பட்டது என்றால் வீடு இருக்கிறது, உள்ளே ஆளும் இருக்கிறார், கதவைத் திறக்க மாட்டேன் என்கிறார். நேரம் கடந்துவிட்டது என்றால் கேட்டாயிற்று, காத்திருந்தும் பார்த்தாயிற்று, பதில் இல்லை. அங்கே ஆளே இல்லை என்று அதற்குப் பொருள் இல்லை. எங்கள் தொழிலிலும் இப்படி மூன்று உண்டு. கருத்துக் கூற மறுத்துவிட்டார், கேட்டதற்குப் பதில் வரவில்லை, தொடர்புகொள்ள முடியவில்லை. ஒன்றின் இடத்தில் இன்னொன்றைப் போட்டு வக்கீல் நோட்டீஸ் வாங்கியவர்கள் எங்கள் செய்திப் பிரிவில் இருந்தார்கள்.

இவ்வளவும் தெரிந்திருந்தும், பத்து நாற்பத்தைந்துக்கு அவளைக் கூப்பிட்டு நான் சொன்னது இதைத்தான்:

"நெட் இல்ல."

"ஒடம்பு சரியில்லன்னு மொட்டையா சொல்ற மாதிரி சொல்லாதீங்க. எங்க வலிக்குதுன்னு சொல்லுங்க. கறுப்பு விண்டோ தொறந்தீங்களா?"

"தொறந்துட்டேன்."

"ரவுட்டருக்கு பிங் போடுங்க. வெளியூர் அப்புறம் போலாம். மொதல்ல நம்ம கூடம் வரைக்கும் போவுதான்னு பாப்போம்."

பிங் என்பது ஒரு கணினி இன்னொன்றைத் தட்டி, இருக்கிறாயா என்று கேட்பது. நான்கு முறை கேட்கும். கேட்ட ஒவ்வொரு முறைக்கும் ஒரு வரி வரும். ஃபோனை ஸ்பீக்கரில் போட்டு மேசையில் வைத்துவிட்டு அடித்தேன்.

"டெஸ்டினேஷன் ஹோஸ்ட் அன்ரீச்சபிள்னு வருது," என்றேன். போய்ச் சேர முடியவில்லை என்பது அதன் பொருள்.

"யாரு சொல்றா?"

"யாருன்னா?"

"அதுக்கு முன்னாடி ரிப்ளை ஃப்ரம்னு போட்டு ஒரு நம்பர் இருக்கும்ல. அத ஏன் முழுங்கறீங்க?"

இருந்தது. சொன்னவர் யார் என்பதை நான் வெட்டியிருந்தேன். வரிக்கு வரி அதே தொடக்கமாக இருந்ததால் வெட்டினேன். நாளிதழ்ப் பக்கத்தில் இடம் போதாதபோது கை முதலில் அங்கேதான் போகும்.

"கடைசில ஏழு," என்றேன்.

"ஏழு நம்ம கம்ப்யூட்டரேதான். வெளில போய் பாத்துட்டு வந்தவன் எவனும் சொல்லல. இவனே வாசல்ல நின்னுகிட்டு, போவ முடியலன்னு சொல்றான். நாலு வரியும் அதேதானா?"

"அதேதான்."

"அப்ப கேபிள். இல்லன்னா ரவுட்டர். ரெண்டு பக்கமும் புடுங்கி சொருவுங்க. ரவுட்டர ஒருவாட்டி நிறுத்திப் போடுங்க. நான் லைன்லயே இருக்கேன்."

கேபிளின் இரண்டு முனைகளையும் பிடுங்கிச் செருகினேன். ரவுட்டரை நிறுத்தினேன், போட்டேன். அதன் விளக்குகள் ஒவ்வொன்றாக வந்து நிலைகொள்ளச் சில நிமிடங்கள் ஆயின. பதினொன்று இரண்டுக்கு ஃபோனில் பயிற்சியாளரின் செய்தி வந்தது: நான் வந்துட்டேன் சார். இங்கே கோளாறு, பார்த்துக்கொண்டிருக்கிறோம் என்று பதில் போட்டேன். பதினொன்றரைக்கு அவருக்கு அடுத்த ஆள் உண்டு என்பது எனக்குத் தெரியும்.

"இல்ல," என்றார் அப்பா. அது கேள்வி.

"வந்துரும்ப்பா. அவதான் லைன்ல இருக்கா."

மறுபடி பிங். மறுபடி அன்ரீச்சபிள். இந்த முறை நான்கு வரியையும் பார்த்தேன். நான்கும் ஒன்றுதான்.

"விளக்கு எல்லாம் எரியுது, கேபிள் டைட்டா இருக்கு, ஆனா போவல. எங்கயோ இடிக்குதே," என்றாள். "மொத தடவ வந்தது மேல இருக்கும். அத படிங்க. எடிட் பண்ணாம படிங்க. உங்க ஆபீஸ் இல்ல இது, எடம் நெறைய இருக்கு."

மேலே நகர்த்தினேன். முதல் வரியை முழுதாகப் படித்தேன். இரண்டாவதையும். மூன்றாவதில் நின்றுவிட்டேன்.

"என்னங்க?"

"ரிப்ளை ஃப்ரம்... கடைசில ஒண்ணு. பைட்ஸ் முப்பத்திரண்டு. டைம் ஒண்ணு."

ஒன்று என்று முடிவது ரவுட்டரின் எண். அது பதில் சொல்லியிருந்தது. நான்காவது வரி மறுபடி பழையபடி.



"அதேதான்னு சொன்னீங்க."

"சொன்னேன்."

"இருவது வருஷம் பேப்பர்ல இருந்தவரு."

"பதினாறு."

"இது மட்டும் கரெக்டா வருது." பிறகு குரல் தணிந்தது. "சரி, விடுங்க. நல்லதுதான். செத்த கேபிள் ஒருவாட்டி கூட பேசாது. இது பேசுது. எங்கயோ நசுங்குது, இல்ல ஆடுது. பிங்க நிக்காம ஓட விடுங்க. எப்ப வருது, எப்ப நிக்குதுன்னு சொல்லிகிட்டே இருங்க."

கட்டளையின் கடைசியில் ஒரு சிறு கோடும் டி என்ற எழுத்தும் சேர்த்தால் பிங் நிற்காமல் ஓடும். ஓடவிட்டேன். அன்ரீச்சபிள், அன்ரீச்சபிள் என்று வரி கீழே கீழே இறங்கியது. மணி பதினொன்று பத்து.

அப்பா கழுத்துப் பொத்தானைக் கழற்றினார். இன்றைக்கு இல்லை என்று அவர் முடிவு செய்துவிட்டது அதில் தெரிந்தது. ஊன்றுகோலை இடது கையில் எடுத்து, கட்டிலை விட்டு எழுந்தார். சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டப் போகிறார் என்று நினைத்தேன்.

"வருது," என்றேன்.

"என்ன வருது?"

"பதில் வருது. ஒண்ணு, ரெண்டு, மூணு. வந்துகிட்டே இருக்கு."

"என்ன பண்ணீங்க?"

"ஒண்ணும் பண்ணல."

அப்பா என் குரலைக் கேட்டுத் திரும்பினார். திரையைப் பார்த்தார். பயிற்சி தொடங்கப்போகிறது என்று மறுபடி கட்டிலில் உட்கார்ந்தார்.

"நின்னுடுச்சு."

"இப்ப என்ன பண்ணீங்க?"

"நான் ஒண்ணும் பண்ணலம்மா. அப்பா உக்காந்தாரு. அவ்ளோதான்."

"எங்க உக்காந்தாங்க?"

"கட்டில்ல."

"காலைல ஒம்போது மணிக்கு டெஸ்ட் பண்ணப்ப நல்லா வந்துச்சுன்னு மெசேஜ் போட்டீங்களே, அப்ப மாமா எங்க இருந்தாங்க?"

"கூடத்துல. இட்லி சாப்ட்டுகிட்டு இருந்தாரு."

அவள் குரலை உயர்த்தினாள். "மாமா. கொஞ்சம் எழுந்திருங்க."

அப்பா எழுந்தார். பதில் வந்தது.

"உக்காருங்க மாமா."

உட்கார்ந்தார். நின்றது.

மூன்றாவது முறை அவள் சொல்லவில்லை. அப்பாவே எழுந்தார், திரையைப் பார்த்தார். உட்கார்ந்தார், பார்த்தார். மறுபடி எழுந்தார். வாயின் இடது ஓரம் மேலே போனது. பக்கவாதத்துக்குப் பிறகு அவர் சிரிப்பது அந்தப் பக்கம் மட்டும்தான். "இல்ல, இல்ல," என்று சொல்லிக்கொண்டே ஊன்றுகோலால் கட்டிலின் தலைமாட்டுக் காலைத் தட்டினார்.

குனிந்து பார்த்தேன். இரும்புக் கட்டிலின் கால் கேபிள் மேல் நின்றிருந்தது. நிறுத்தியவன் நான். அதற்கு முந்தின வாரங்களில் அப்பாவின் முகம் பயிற்சியாளருக்கு நிழலாகத்தான் தெரிந்தது. முகம் இருட்டாக இருக்கும் படத்தைப் பதினாறு வருடம் திருப்பி அனுப்பிய பழக்கம். செவ்வாய்க்கிழமை மாலை கட்டிலை இரண்டடி இழுத்து ஜன்னல் வெளிச்சத்தில் போட்டேன். காலியாக இருக்கும்போது கட்டில் கேபிளைச் சும்மா தொட்டுக்கொண்டிருக்கும். அப்பா உட்கார்ந்தால் நசுக்கும். முதல் பிங்கில் மூன்றாவது வரி வந்த நொடியில் அவர் தண்ணீர் டம்ளருக்காக முன்னால் சாய்ந்திருக்கலாம். நான் பார்க்கவில்லை.

"கட்டிலு," என்றேன் ஃபோனில்.

"கட்டிலேதானா," என்றாள். சிரித்தாள். "மாமா, நீங்க கண்டுபுடிச்சீங்க. உங்க புள்ள இல்ல. நான் வெக்கறேன், இங்க லேப் எக்ஸாம் ஓடுது, ஒரு பொண்ணு ரொம்ப நேரமா கைய தூக்கிகிட்டு நிக்குது."

அப்பா ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்க, கட்டிலைத் தூக்கிக் கேபிளை இழுத்தேன். ஓரிடத்தில் பட்டையாகியிருந்தது. அதை விரலால் நிமிர்த்தி, சுவரோரமாக விட்டேன். பதில்கள் வரிசையாக இறங்கின. பதினொன்று பத்தொன்பதுக்குத் திரையில் பயிற்சியாளரின் முகம் வந்தது.

அப்பா உட்கார மறுத்துவிட்டார்.

"ஐயா, சட்டைதான் தெரியுது, மூஞ்சி தெரியல. உக்காருங்க," என்றார் பயிற்சியாளர்.

"இல்ல."

"கட்டில தள்ளிப் போட்டுட்டேன்ப்பா. இனிமே ஒண்ணும் ஆவாது. உக்காருங்க."

"இல்ல." அது இல்லைதான்.

கேபிள் விவரத்தைச் சொன்னேன். பயிற்சியாளர் நேரம் பார்த்தார். "சரி, நின்னுகிட்டே பாப்போம். கால் வலிச்சா உக்காந்துடணும், என்ன?" நான் கேமராவை மேலே திருப்பினேன். அப்பா இடது கையால் ஜன்னல் கம்பியைப் பிடித்து, கால்களை அகட்டி நின்றார். நான் கேமராவில் விழாமல் பின்னால் நின்று அவர் இடுப்பைப் பிடித்துக்கொண்டேன்.

"கடலூர், முதுநகர், காரைக்காடு," என்று பயிற்சியாளர் நிறுத்தினார்.

அப்பா மூச்சை இழுத்தது என் கையில் தெரிந்தது. உதடு சேர்ந்தது, பிரிந்தது. "இல்ல."

மறுபடி. "இல்ல." இன்னொரு முறை, மெதுவாக, உதட்டைக் காட்டி. ஒவ்வொரு முறையும் அதே நீளத்துக்கு மூச்சை இழுத்தார். ஞாயிற்றுக்கிழமை கேட்ட பாதி கூட வரவில்லை. வலது கால் நடுங்க ஆரம்பித்தது. பதினொன்று இருபத்தேழுக்குப் பயிற்சியாளர் நிறுத்தினார்.

"போதும் ஐயா. ரொம்ப நல்லா முயற்சி பண்ணீங்க." பிறகு என்னிடம், "சார், நான் குறிப்பு எழுதிடறேன். ஃபைல் எடுத்துக்கறேன், ஒரு நிமிஷம்," என்றார்.

அவர் நாற்காலியிலிருந்து எழுந்தார். இவ்வளவு வாரங்களாக நாங்கள் பார்த்தது அவருடைய முகத்தையும் கழுத்தையும் மட்டும்தான். இப்போது முழு ஆளும் தெரிந்தார். ஒரு கையை இடுப்பில் முட்டுக் கொடுத்து, வயிறு முன்னால் வர, பின்னால் இருந்த அலமாரியின் மேல் தட்டுக்குக் கையை எட்டினார். கோப்பு எட்டவில்லை. குதிகாலைத் தூக்கினார்.

"உக்காரு," என்றார் அப்பா.

பயிற்சியாளர் கையை இறக்கித் திரும்பினார்.

"ஐயா, என்ன சொன்னீங்க?"

அப்பா ஜன்னல் கம்பியிலிருந்து கையை எடுத்து நாற்காலியைக் காட்டினார். எத்தனை தடவை சொல்வது என்ற சலிப்பு குரலில் இருந்தது.

"உக்காரு. உக்காரு."

பயிற்சியாளர் உட்கார்ந்தார். கோப்பை எடுக்கவில்லை. கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"வந்ததுலேர்ந்து நான் உங்கள உக்காருங்க உக்காருங்கன்னு சொல்றேன்," என்றார். "நீங்க என்னைய உக்கார சொல்றீங்களா?"

"இல்ல," என்றார் அப்பா.

பதினொன்று முப்பத்திரண்டுக்குத் திரை அணைந்தது. அப்பா கட்டிலில் உட்கார்ந்ததும் அவர் காலை நீட்டி, முட்டிக்குக் கீழே தைலம் தேய்த்தேன். மறு கையால் மனைவிக்கு ஃபோன் போட்டேன். அவள் எடுத்ததும், "அப்பா பேசிட்டாரு," என்றேன்.

"என்ன சொன்னாங்க? அப்டியே சொல்லுங்க."

"உக்காரு."

"எத்தன வாட்டி?"

"மூணு. மொதல்ல ஒண்ணு. அவுங்க திருப்பிக் கேட்டதும் ரெண்டு."

"யாரப் பாத்து?"

சொன்னேன். அலமாரி, கோப்பு, குதிகால் எல்லாம் சொன்னேன். எதையும் குறைக்கவில்லை.

பின்னால் விசைப்பலகைகளின் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது.

"எக்ஸாம் ஹால்ல நிக்கறேங்க," என்றாள் கடைசியில், மெல்லிய குரலில். "எல்லாரும் பாக்குதுங்க. வெச்சுடறேன்."

பன்னிரண்டு பத்துக்குப் பயிற்சியாளரின் குறிப்பு ஃபோனில் வந்தது. பேச்சுப் பயிற்சி தொடரலாம். முடிந்தால் நின்றபடி, ஒரு தடவைக்குப் பத்து நிமிடம். பட அட்டை இப்போது தேவையில்லை. நான் அதைப் படித்துக் காட்டியபோது அப்பா தூங்கிவிட்டிருந்தார். சாப்பிட எழுப்பியபோது மறுபடி படித்தேன்.

அடுத்த புதன்கிழமை புதிய பயிற்சியாளர் சரியாகப் பதினொரு மணிக்குத் திரையில் வந்தார். அப்பா பத்தே முக்காலிலிருந்து நின்றுகொண்டிருந்தார்.